தூக்கு: இக்கரையும் அக்கரையும்

அன்புள்ள ஐயா,

2014-ல் நம் மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பில் தூக்கு என்றதும் ராமேஸ்வரம் தீவே கொதித்தது. தங்கச்சிமடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பஸ் எரிந்தது. இன்று எங்காவது ஒரு சிறுமி கொலையானால் அதே ஆட்கள் 'தூக்கில் போடு' என்கிறார்கள். நமக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? இன்னொன்று, ராமநாதபுரம் கோர்ட்டில் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தால் அடுத்து என்னென்ன நடக்கும்?

ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள நண்பருக்கு,

இரட்டை நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐவரும் எப்படித் தப்பினார்கள் என்று பாருங்கள். 2011 நவம்பரில் பிடிபட்டார்கள். 2014 அக்டோபர் 30 அன்று ஹெராயின் கடத்தியதாக எட்டுப் பேருக்குத் தூக்கு. அதில் மூவர் இலங்கையர். மேல்முறையீடு செய்தார்கள். அது நிலுவையில் இருந்தால் மன்னிப்புக்குத் தடை என்பதால் திரும்பப் பெற்றார்கள். மூன்றே வாரத்தில் அப்போதைய இலங்கை அதிபர் ராஜபக்ச தண்டனையை நீக்க, ஊர் வந்து சேர்ந்தார்கள். சாட்சியம் நிற்குமா, நிற்காதா என்று மேல் நீதிமன்றம் பார்க்கவே இல்லை. விடுதலையும் ஐவரோடு நின்றது. ஒரே வழக்கு, ஒரே சாட்சியம், பாஸ்போர்ட்தான் வேறு. மரண தண்டனையை நான் எதிர்ப்பது இந்த இடத்திலிருந்துதான். கயிறு யார் கழுத்துக்கு வரும், யார் கழுத்தை விட்டுப் போகும் என்பதைக் குற்றத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

சட்டத்தின் அளவுகோலும் கரைக்குக் கரை மாறுகிறது. இலங்கையில் 2 கிராம் ஹெராயின் கடத்தினாலே மரணமோ ஆயுளோ விதிக்கலாம். இந்தியாவில் 1 கிலோ இருக்க வேண்டும், ஏற்கெனவே பெரிய அளவு போதைப்பொருள் வழக்கொன்றில் தண்டனை பெற்றவராகவும் இருக்க வேண்டும். அப்போதும் 2014 திருத்தத்துக்குப் பிறகு அது கட்டாயமில்லை. இலங்கை 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்பது வேறு விஷயம். 2019-ல் அன்றைய அதிபர் சிறிசேன நான்கு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

இனி ராமநாதபுரம். நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1955 வரை, கொலைக்குத் தூக்கு தராவிட்டால் ஏன் தரவில்லை என்று நீதிபதி எழுத வேண்டும். 1973 சட்டம் அதைத் தலைகீழாக்கியது: தூக்கு தந்தால்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கு 'அரிதினும் அரிது' என்ற வரம்பை வைத்தது.

அமர்வு நீதிமன்றம் விதித்த தூக்கு அப்படியே நிறைவேறாது. கோப்பு முழுவதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். குற்றவாளி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் குறைந்தது இரண்டு நீதிபதிகள் சாட்சியத்தை முதலிலிருந்து படித்து உறுதி செய்ய வேண்டும். குற்றவாளி மேல்முறையீடு செய்யக் கெடு 30 நாள். பிறகு உச்ச நீதிமன்றம். அதற்கும் பிறகு, தன் தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு. தூக்கு வழக்கின் சீராய்வை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்பது 2014 முதல் விதி. கடைசியில் கருணை மனு. உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததைச் சிறைக் கண்காணிப்பாளர் சொன்ன நாளிலிருந்து 30 நாள்; ஆளுநர் நிராகரித்தால் குடியரசுத் தலைவரிடம் போக 60 நாள். கருணை மனுவுக்கான இந்த இரண்டு கெடுவும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். கைதிக்கு வைத்தது. குடியரசுத் தலைவர் முடிவெடுக்கக் கெடு இல்லை! நிராகரித்த தகவல் கிடைத்த பின்னும் 14 நாள் கழித்தே தூக்கிலிட முடியும். தமிழ்நாட்டில் அப்படிக் கடைசியாகத் தூக்கிலிட்டது 1995-ல், சேலத்தில்.

இத்தனை படி இருந்தும் தவறுகிறதே என்றால், ஓட்டை அடிப்படியில் இருக்கிறது. காலையில் குற்றவாளி என்று தீர்ப்பு, மதியம் தண்டனை பற்றி இரண்டு வார்த்தை, மாலையில் தூக்கு. அவர் குடும்பம், வளர்ப்பு, மனநிலை, சிறையில் நடத்தை எதுவும் கோப்பில் ஏறுவதில்லை. இதையெல்லாம் அறிக்கையாக வாங்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் மனோஜ் வழக்கில் சொன்னது. வயதுச் சான்று இன்னொரு ஓட்டை. 2023 மார்ச்சில் ஒருவர் 28 ஆண்டு சிறைக்குப் பின் விடுதலையானார். சம்பவத்தின்போது அவருக்கு 12 வயது என்று பள்ளிப் பதிவேடு காட்டியது. மகாராஷ்டிர வழக்கொன்றில் 2009-ல் ஆறு பேருக்குத் தூக்கு என்று முடித்த அதே உச்ச நீதிமன்றம், 2019-ல் ஆறு பேரும் நிரபராதிகள் என்று சொல்லித் தலைக்கு 5 லட்சம் தரச் சொன்னது. இடையில் தூக்கிலிட்டிருந்தால் அந்தப் பணத்தை யார் கையில் கொடுப்பது?

குழந்தையைப் பறிகொடுத்தவர்களின் ஆத்திரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போராட்டத்தில் கேட்க வேண்டியது ஒழுங்கான தடயவியல் அறிக்கையும் சாட்சிகளுக்குப் பாதுகாப்பும். அவை இல்லாமல் வாங்கும் தூக்கு மதுரையில் உடையும். உடைந்தால் குற்றவாளியே வெளியே வந்துவிடுவான்.

பாம்பனிலிருந்து எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன். அக்கரையில் யாராவது போதைப்பொருள் வழக்கில் மாட்டினால் சாலை மறியலுக்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. மீன்வளத்துறை டோக்கன், படகுப் பதிவுச் சான்று, அன்றைய டீசல், ஐஸ் பில் ஆகியவற்றை அன்றே நகலெடுத்து வையுங்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். முதல் வாக்குமூலத்தின்போதே தமிழ் தெரிந்த வக்கீல் பக்கத்தில் இருக்கும்படி பாருங்கள். கைதானவருக்குப் புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால், பிறகு எந்த மேல்முறையீட்டிலும் அதை உடைக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும்.