வாளி இறங்கும் இடத்தில் படகு நிற்கலாமா?

கேள்வி (மலேசியாவின் பிறை ஊரிலிருந்து ஒரு வாசகி): கனடாவில் கெலோனா ஊரில் என் மகள் குடும்பம் இருக்கிறது. ஒரு கோடையில் போயிருந்தபோது ஒகனாகன் ஏரியில் வாடகைப் படகு எடுத்தோம். எதிர் மலையில் காட்டுத்தீ. ஒரு ஹெலிகாப்டர் கயிற்றில் வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் மொள்ள வந்தது. உடனே மருமகன் படகைத் திருப்பிக் கரையோரம் கொண்டுபோய்விட்டார். கிட்டே போய்ப் படம் எடுக்கணும் என்று பேரன் ஒரே அழுகை. அவ்வளவு பெரிய ஏரியில் ஒரு சின்னப் படகு என்ன இடைஞ்சல் தரப்போகிறது? மருமகன் தேவையில்லாமல் பயந்துவிட்டாரோ?

பதில்: இல்லை அம்மா, அவர் செய்ததுதான் சரி.

ஏரி பெரியதுதான், ஏறக்குறைய 135 கிலோமீட்டர் நீளம். ஆனால் விமானிக்கு வேண்டியது தீக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மூலை மட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொண்டு, ஊற்றி, திரும்பிவர 4 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் 15 நடை. அந்த மூலையில் படகுகள் நிற்கின்றன என்று தள்ளிப் போய், ஒரு நடைக்கு 6 நிமிடம் ஆகிவிட்டால் 10 நடைதான். 5 வாளித் தண்ணீர் போச்சு. படகில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போனதை மட்டும்தான் அவர் பார்த்திருப்பார். 2023 ஆகஸ்டில் உங்கள் மகள் ஊருக்கு எதிர்க்கரையில் மெக்டூகல் க்ரீக் தீ எரிந்தபோது, நெருப்புப்பொறி காற்றில் பறந்து ஏரியைத் தாண்டி கெலோனா பக்கமும் பற்றிக்கொண்டது. அப்படிப்பட்ட இடத்தில் 5 வாளி என்பது சின்னக் கணக்கு இல்லை.

சரி, இது தீயில் மாட்டிக்கொண்டவர்களின் பக்கம். உங்கள் படகுக்கு என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

17 வருடம் ஹெலிகாப்டர் கதவோரம்தான் என் வேலை. தன் இருக்கையிலிருந்து விமானிக்கு வயிற்றுக்கு நேர் கீழேயும் வாலுக்குப் பின்னாலேயும் சரியாகத் தெரியாது. கதவில் குப்புறப் படுத்துக்கொண்டு, ‘வலது பக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்’ என்று காதொலியில் சொல்லிக்கொண்டே இருப்பேன். கிளந்தானில் ஒரு வெள்ளத்தின்போது, கூரைமேல் நின்ற ஒரு குடும்பத்தை ஏற்ற இறங்கினோம். அந்தப் பக்கமாக ஒரு பெரியவர் சம்பான் என்கிற சின்ன மரப்படகில் இரண்டு அரிசி மூட்டையோடு துடுப்புப் போட்டு வந்துகொண்டிருந்தார். தூரம் போதும் என்று விமானியிடம் சொன்னது நான்தான். போதவில்லை. விசிறிக் காற்று தண்ணீரை வெள்ளைத் திரையாக எழுப்பியது. திரை விலகியபோது சம்பான் கவிழ்ந்து கிடந்தது. பெரியவர் அதன் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரையும் ஏற்றிக்கொண்டோம். அரிசி போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். 30 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பிடி என் கையில் இருக்கிறது.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அந்தக் காற்று கனோ, காயாக், நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை எதையும் சுலபமாகப் புரட்டிவிடும். பெரிய படகு கவிழாமல் போகலாம். ஆனால் அதிலிருக்கும் துணிக்குடை, காற்றடைத்த மிதவை, துண்டு எல்லாம் பறக்கும். பறந்தது விசிறியில் சிக்கினால் மேலே இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1,000 லிட்டர் வாளி நிறைந்தால் ஏறக்குறைய ஒரு புரோட்டோன் சாகா காரின் எடை. இஞ்சின் மக்கர் பண்ணினால் விமானி அந்த வாளியை அப்படியே கழற்றி விட்டுவிடத்தான் பார்ப்பார். அது விழுகிற இடத்தில் உங்கள் பேரன் இருக்கக் கூடாது.

அடுத்த தடவை போகும்போது முதலில் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுங்கள். அது இருக்கைக்கு அடியில் கிடந்து பிரயோஜனம் இல்லை. நடு ஏரியை விட்டுவிட்டு, தீயில்லாத பக்கமாகக் கரையை ஒட்டிப் போங்கள். பாதி வழியில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ‘நம்மைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்’ என்றும் நினைக்காதீர்கள், ஒதுங்க வேண்டியது நாம்தான். ஒரு நடை முடிந்ததும் கரையோரத்தை விட்டு நடு ஏரிக்கு வந்துவிடவும் கூடாது. அடுத்தது பின்னாலேயே வரும், பல நேரம் இரண்டு மூன்று ஹெலிகாப்டர்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தீயணைப்புக்கு இடைஞ்சல் செய்வது சட்டப்படி குற்றமும்கூட.

விமானம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் அள்ளும் தீயணைப்பு விமானமான கனடேர் 415 நிற்காது. தண்ணீரை உரசிக்கொண்டே ஓடி, 12 நொடியில் 6,000 லிட்டருக்கு மேல் அள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். இறங்கி, அள்ளி, ஏற அதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெற்று நீர் வேண்டும். நடுவில் ஒரு படகைக் கண்டால் விமானி அந்த நடையையே கைவிட வேண்டியதுதான். நம் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்திடமும் இந்த வகை விமானம் இரண்டு இருக்கிறது. 2015 புகைமூட்டத்தின்போது ஒன்று இந்தோனேசியாவின் பாலெம்பாங் வரை போய்த் தீயணைக்க உதவியது.

பேரனிடம் கரையில் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். அங்கிருந்தே வாளி படத்தில் தெளிவாகத் தெரியும். டுரோன் மட்டும் வேண்டவே வேண்டாம். தீயின் மேலே ஒரு டுரோன் தெரிந்தால் போதும், எல்லா விமானங்களையும் தரையிறக்கிவிடுவார்கள்.

கேள்வி (செந்தூல் வாசகர்): தண்ணீர் அள்ளும்போது நீந்துகிற ஆளையும் சேர்த்து உறிஞ்சி, எரியும் மரத்தில் போட்டுவிட்டதாக என் நண்பன் சத்தியம் பண்ணுகிறான். உண்மையா?

பதில்: பல நாடுகளில் சுற்றி வந்த கட்டுக்கதை ஐயா. கனடேரின் அடியில் இருக்கும் திறப்பில் ஆள் நுழைய வழியில்லை. குழாய் போட்டு உறிஞ்சும் ஹெலிகாப்டரிலும் முனையில் வலை இருக்கும். நீந்துகிறவருக்கு நிஜ ஆபத்து காற்றும் அலையும்தான்.

கேள்வி (பந்திங் வாசகர்): நான் ஈயக்குட்டையில் (பழைய ஈயச் சுரங்கக் குழியில் தேங்கிய குளம்) ஃபைபர் படகில் தூண்டில் போடுகிறவன். நம் ஊரிலும் இப்படி வருவார்களா?

பதில்: வருவார்கள் தம்பி. உங்கள் கோல லங்காட் பக்கம் கரிமண் நிலம். தீ மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே புகைந்துகொண்டே போகும், அதனால் தண்ணீர் நிறைய வேண்டும். 2005 ஆகஸ்டில் புகை முற்றி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். போம்பா (தீயணைப்புத் துறை) ஹெலிகாப்டர் வாளியோடு வந்தால் பக்கத்தில் இருக்கிற குட்டையைத்தான் தேடும். குட்டை சின்னது, ஒகனாகன் மாதிரி ஒதுங்க இடம் கிடையாது. சத்தம் கேட்டதும் கரையேறிப் படகையும் மேலே இழுத்துவிடுங்கள். தூண்டில் நூல் சிக்கிக்கொண்டால் அறுத்துவிட்டு வாருங்கள்.