வழக்கறிஞரிடம் எப்போது போக வேண்டும்? நுகர்வோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: "இதற்கு வக்கீல் வேண்டுமா, நானே பார்த்துக்கொள்ளலாமா?" பதில் எழுதும் முன் ஒவ்வொன்றிலும் இரண்டு செய்திகளை முதலில் தேடிப் பார்த்தேன். சட்டம் விதித்த கெடு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது ஒன்று; கையெழுத்து போட்டாகிவிட்டதா, இனிமேல்தான் போடப்போகிறார்களா என்பது மற்றொன்று. தாமதமாக வருபவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வீடு, மனை பற்றிய பதில்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை. மற்றவை இந்தியா முழுவதற்கும் பொருந்தும்.

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன் 38,000 ரூபாய்க்கு வாங்கிய பிரிட்ஜில் கம்ப்ரசர் மூன்று முறை பழுதாகிவிட்டது. கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். சர்வீஸ் சென்டரில் "பார்க்கலாம்" என்பதோடு சரி. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல் செலவே பிரிட்ஜ் விலையைத் தாண்டிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (வாசகி, ஈரோடு)

பதில்: அந்தப் பயம் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே புகார் தாக்கல் செய்து, நீங்களே வாதாடலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நீங்கள் மறக்கக் கூடாத கெடு.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதுவரை நீங்கள் தொலைபேசியில் பேசியதற்கெல்லாம் சாட்சி இல்லை. கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்து, வாங்கிய தேதி, பில் எண், மூன்று முறை பழுதான தேதிகள், உங்களுக்கு என்ன வேண்டும் (புதிய பெட்டியா, பணமா), எத்தனை நாளுக்குள் வேண்டும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்புங்கள்; மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மெக்கானிக் ஒவ்வொரு முறை வந்துபோனபோதும் கொடுத்த சர்வீஸ் சீட்டை வழக்கில் முதல் சாட்சியாக வையுங்கள். பில்லை இன்றைக்கே ஒளிநகல் எடுத்துவிடுங்கள். கடைகளில் இயந்திரம் துப்பும் வழவழப்பான காகிதத்தில் எழுத்துகள் சில மாதங்களில் மங்கிவிடும். ஆணையத்தில் வெறும் வெள்ளைத் தாளை நீட்டி நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அப்படியும் நகராவிட்டால் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் புகாரைத் தாக்கல் செய்யலாம்.

எப்போது வழக்கறிஞர் வேண்டும்? குறையை நிரூபிக்க ஆய்வக அறிக்கையோ நிபுணர் சாட்சியமோ தேவைப்படும்போது, மருத்துவமனையின் கவனக்குறைவு பற்றிய வழக்கில், நிராகரிக்கப்பட்ட பெரிய காப்பீட்டுத் தொகையில், கட்டுமான நிறுவனத்தோடு மோதும்போது தனியாகப் போகாதீர்கள். ஒரு பிரிட்ஜுக்கு அது தேவையில்லை.

கேள்வி: நண்பருக்குக் கடனாகக் கொடுத்த 1,50,000 ரூபாய்க்கு அவர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பிவிட்டது. "அடுத்த மாதம் தருகிறேன்" என்கிறார். நட்பைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. காத்திருக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நட்பைக் காத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டே காத்துக்கொள்ளுங்கள். வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவை (காசோலை திரும்பியதற்கான சீட்டு) எடுத்து, அது உங்கள் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பிப் பணத்தைக் கேட்டாக வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாட்கள் அவருக்கு அவகாசம். அதற்குள் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகாரில் ஏற்படும் தாமதத்தைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்க இடமுண்டு. நோட்டீஸில் ஏற்படும் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் வழியில்லை. "அடுத்த மாதம்" என்ற வாக்குறுதி உங்களை எந்தக் கெடுவைத் தாண்ட வைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

30 நாள் கடந்துவிட்டதென்றால், காசோலையில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் முடியாதிருக்கும்வரை அதை மீண்டும் வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. மூன்று மாதமும் போய்விட்டால் மிஞ்சுவது உரிமையியல் வழக்கு மட்டுமே.

நோட்டீஸை நீங்களே எழுதச் சட்டத்தில் தடையில்லை. ஆனாலும் இதில் வழக்கறிஞரிடம் போய்விடுங்கள் என்றே சொல்வேன். காசோலையில் உள்ள தொகை ஒன்று, நோட்டீஸில் கேட்ட தொகை வேறொன்று என்று இருந்தால், அது தட்டச்சுப் பிழையாகவே இருந்தாலும் நோட்டீஸ் செல்லாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு பூஜ்ஜியம் குறைந்தால் ஒன்றரை லட்சத்துக்கான குற்றவியல் வழக்கே போய்விடும். நோட்டீஸுக்கு வழக்கறிஞர் வாங்கும் கட்டணம் இந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் சிறியது. நோட்டீஸ் அனுப்பினால் உறவு முறிந்துவிடாது. பணம் வந்துவிட்டால் வழக்கும் இல்லை.

கேள்வி: புறநகரில் ஒரு மனை வாங்க இருக்கிறோம். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால், அவரிடம் பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) பெற்ற ஏஜென்ட்தான் விற்கிறார். "லீகல் ஒப்பீனியன் எங்களிடமே இருக்கிறது" என்று ஒரு நகலைக் கொடுத்தார். வங்கியும் கடன் தரச் சம்மதித்துவிட்டது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. நாளை மறுநாள் 2 லட்சம் முன்பணம் கொடுக்கச் சொல்கிறார். தனியாக வக்கீல் தேவையா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: தேவை. நாளை மறுநாளைக்கு முன்பே தேவை. இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் பதறவைத்தது உங்களுடையதுதான், ஏனென்றால் உங்கள் கையெழுத்து இன்னும் விழவில்லை. இப்போது கேட்டால்தான் கேட்டதற்குப் பலன் இருக்கிறது.

விற்பவர் கொடுத்த ஒப்பீனியன், அதாவது பத்திரங்களைப் பற்றி வழக்கறிஞர் எழுதிய கருத்து, விற்பவருக்காக எழுதப்பட்டது. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் கடன் திரும்புமா என்பதை. அந்த அறிக்கையை உங்களுக்குக் காட்டவேண்டிய கட்டாயம்கூட வங்கிக்கு இல்லாமல் இருக்கலாம். உங்களுக்காக மட்டும் பத்திரங்களைப் படிக்கும் ஒருவர் இந்தப் பேரத்தில் இதுவரை இல்லை.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது நல்லதுதான். ஆனால் அது பதிவான ஆவணங்களை மட்டுமே சொல்லும். பதிவு செய்யாத உயில், இறந்துபோன ஒரு பங்குதாரரின் வாரிசுகள், மைனராக இருந்தபோது விற்கப்பட்ட பங்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். உதாரணமாக, மூலப்பத்திரங்களில் அண்ணன் தம்பிகள் மட்டும் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம் ஒன்று இருக்கிறதென்று வையுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்கு மகன்களுக்கு நிகரான பங்கைத் தமிழ்நாடு 1989-இலேயே கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அப்படியானால் அந்தப் பாகப் பத்திரத்தில் சகோதரிகளின் கையெழுத்து ஏன் இல்லை, அது எந்தத் தேதியில் பதிவானது, முன்பே நடந்த பாகங்களுக்கான விதிவிலக்குக்குள் வருமா என்பவற்றைச் சரிபார்க்கத் தெரிந்தவர் வேண்டும். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களையும் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள கையெழுத்துகளையும் விரல்வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதுதான் அந்த வேலை.

பவரைப் பொறுத்தவரை, அதைக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அதுவும் முடிந்துவிடும். ஆகவே அசல் பவர் பத்திரத்தையும், உரிமையாளர் உயிரோடு இருப்பதற்கான சான்றையும், பவர் ரத்தாகவில்லை என்பதையும் பாருங்கள். முடிந்தால் உரிமையாளரோடு நேரடியாக வீடியோ அழைப்பில் பேசுங்கள். வெறும் பவரை எழுதி வாங்கிக்கொள்வதால் சொத்து உங்கள் பெயருக்கு வந்துவிடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது; கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை.

முன்பணம் கொடுப்பதானால் கிரய ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்; தமிழ்நாட்டில் 2012 முதல் அது கட்டாயம். தொகையை ரொக்கமாகக் கொடுக்காமல், முடிந்தவரை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். மனைப்பிரிவுக்கு, அதை அனுமதிக்கும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபியின் அனுமதி இருக்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் போகும் முன் நீங்களே கேட்டுவிடலாம். "வேறு ஒருவர் காத்திருக்கிறார், நாளைக்கே கொடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரத்தையே முதல் வில்லங்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டைக் காலி செய்து மூன்று மாதம் ஆகியும் உரிமையாளர் அட்வான்ஸைத் தரவில்லை. (வாசகி, சென்னை)

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். காலி செய்த தேதி, சாவி ஒப்படைத்த விவரம், தர வேண்டிய தொகை ஆகியவற்றைக் குறித்து முதலில் நீங்களே ஒரு கடிதம் அனுப்புங்கள். உங்கள் வாடகை ஒப்பந்தம் வாடகை அதிகார அமைப்பில் பதிவானதா என்று பாருங்கள். பதிவாகாத ஒப்பந்தம் என்றால் எந்த மன்றத்துக்குப் போவது என்பதே சிக்கலாகிவிடும். அப்போது வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

கேள்வி: எங்கள் மீது பொய்யான பாக்கி சொல்லி வக்கீல் நோட்டீஸ் வருமென்று தெரிகிறது. வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் வழக்கு நிற்காது என்கிறார்களே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இந்த ஆலோசனையைச் சொன்னவர் உங்கள் நன்மைக்குச் சொல்லியிருந்தாலும், அது உங்களைக் கெடுக்கும். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், அது சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன குற்றச்சாட்டு இருந்தது என்று தெரியாமல் போவதுதான் உங்களுக்கு மிஞ்சும். வாங்குங்கள், வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள், உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் வேறு, நீதிமன்றச் சம்மன் வேறு. நோட்டீஸுக்குச் சில நாள் யோசித்துப் பதில் தரலாம். சம்மன் வந்தால் அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள். உரிமையியல் வழக்கில் எதிருரை (வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதில்) தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீளலாம். நுகர்வோர் ஆணையத்தில் 30 நாளும் அதற்குமேல் 15 நாளும்தான். அதன்பின் கதவு மூடிவிடும். ஆஜராகாவிட்டால் பொய்யான பாக்கியும் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடலாம்.

கேள்வி: வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை. ஜெயித்தால் கிடைப்பதில் பாதி தருகிறேன் என்று பேசிக்கொள்ளலாமா? அவர் சரியாக நடத்தாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இரண்டுக்கும் முடியாது என்பதே பதில். வழக்கின் பலனில் பங்கு கேட்பதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடை செய்கின்றன. அப்படிக் கேட்பவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் கழகத்தில்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் பாதியைத் தரவேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றே கேட்காமல் இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; தாலுகா அளவிலும் குழுக்கள் உண்டு; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண் என்ற ஒன்றே உங்களுக்குப் போதுமான தகுதி. இது தெரியாமல் நகையை அடகு வைத்து வழக்கு நடத்தும் பெண்கள் இருக்கக் கூடாது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

யாரிடம் போனாலும் முதல் நாளிலேயே கட்டணம் எவ்வளவு, எதெல்லாம் அதில் அடங்கும், எந்தெந்தக் கட்டத்தில் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். உங்களுக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்தில் கட்சிக்காரர் பெயர், வழக்கு விவரம் ஆகியவை நிரப்பப்படாமல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் பத்திரங்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நாளன்று மட்டும் கொடுங்கள்; அதற்கு முன் நகல் போதும். கொடுக்கும்போது எத்தனை தாள், என்னென்ன ஆவணம் என்று ஒரு சீட்டில் எழுதி அவர் கையெழுத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டண பாக்கியைக் காரணம் காட்டிக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் அந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும்.