நிக்கோடிமஸ் சரிந்தது எதனால்? (அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து ஊர் ஒன்றின் வரலாறு பற்றிய கேள்விக்கு)

முதல் காரணம் ரயில். "1887 வரை வளர்ந்த ஊர் ஏன் திடீரென்று காலியானது, வறட்சியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வறட்சியும் வாட்டியதுதான், ஆனால் கடைக்காரர்களை மூட்டை கட்ட வைத்தது 1888-இல் வராமல் போன தண்டவாளம்.

1877-இல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் குடியேறிய ஊர் அது. மரமில்லாத புல்வெளி என்பதால் தரையைத் தோண்டித்தான் குடியிருந்தார்கள். மறு வருஷம் வந்த வில்லியானா ஹிக்மன் ஊர் எங்கே என்று தேட, தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினாராம் கணவர். அதைப் பார்த்து அழுதேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பத்தே வருஷத்தில் அங்கே இரண்டு செய்தித்தாள்கள்! மிசௌரி பசிபிக் நிறுவனத்தின் ரயிலை வரவழைக்க 1887-இல் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஊரார் வாக்களித்தார்கள். பேச்சு முறிந்தது. இன்னொரு ரயில் நிறுவனமான யூனியன் பசிபிக்கோ ஊரை விட்டு விலகி, சாலமன் ஆற்றுக்குத் தெற்கே பாதை போட்டுவிட்டது.

சரிபார்க்க வரைபடத்தில் தென்மேற்கே சில மைல் தள்ளி போக் என்ற ஊரைப் பாருங்கள். அந்தப் பாதையை ஒட்டி முளைத்தது அது. நிக்கோடிமஸ் கடைகள் பல அங்கேதான் போயின.

ஒன்று மட்டும்: கட்டுரையில் "அழிந்த ஊர்" என்று எழுதிவிடாதீர்கள். கடைவீதிதான் போனது; சுற்றியிருந்த விவசாயிகள் நிலத்தை விடவில்லை. 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது. இன்றும் சிலர் அங்கே வசிக்கிறார்கள்.