ராமென் நூடுல்ஸ் ஏன் ரப்பர் மாதிரி இழுபடுகிறது?

வாளையாறு தாண்டி கோவையில் ராமென் சாப்பிட்டுவிட்டு வரும் எங்கள் பாலக்காட்டுப் பிள்ளைகள் கேட்பது இது: சேமியாவும் கோதுமைதானே, அது குழைகிறது, ராமென் மட்டும் ஏன் இழுபடுகிறது?

ராமென் என்பது சூடான சூப்பில் போட்டுத் தரும் ஜப்பானியக் கோதுமை நூடுல்ஸ். மாவு, தண்ணீர், உப்போடு 'கன்சுய்' என்ற காரத்தையும் சேர்த்துப் பிசைவார்கள். மிளகாய்க் காரம் இல்லை. சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற உப்புகள். இவை கோதுமையின் பசைப் புரதத்தை இறுக்கிவிடும். அந்த இழுவை அதனால்தான்.

கல்பாத்திப் பாட்டிகளுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். உளுந்து மாவில் அப்பளக்காரம் போட்டு, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடித்த கைகள் அவை. அங்கே காரத்தின் வேலை வேறு, அப்பளம் பொரிய வேண்டும். ஆனால் சரக்கு ஒரே குடும்பம்.

அதற்காகக் கிண்ணத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள். பத்து நிமிடம் விட்டால் ராமெனும் ஊறிப்போகும். சூட்டோடு உறிஞ்சிச் சாப்பிடுங்கள், சத்தம் வந்தால் ஜப்பானில் யாரும் முறைக்க மாட்டார்கள்.

அப்புறம், அந்த மஞ்சள் நிறம் முட்டையால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை சேர்க்காத ராமெனும் மஞ்சள்தான், காரம் பட்டால் கோதுமை மாவு தானாகவே அந்த நிறத்துக்கு மாறும்.