மரத்தடி வட்டங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. வேலை, வீடு, கைபேசி என்று நாள் ஓடுகிறது. சின்ன விஷயங்களில் மகிழ்ச்சியைத் தேடு என்கிறார்கள். மாலையில் பூங்காவில் போய் உட்கார்ந்தேன். மரம், வெயில், நிழல். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. வியப்பது கூடப் பிறவிக் குணம்தானா? இமயமலைப் பக்கம் போனால் மாறுமா? என்ன புத்தகங்கள் வாசிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

இமயமலைக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். புத்தகப் பட்டியல் தரமாட்டேன். ‘மரம், வெயில், நிழல்’ என்று எழுதிவிட்டுச் சலித்தது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. காலடியில் கிடந்த ஒளிப்பொட்டுகளை நீங்கள் பார்க்கவே இல்லை.

மாலை வெயில் சாய்ந்து விழுவதால் அவை நீள்வட்டமாக இருந்திருக்கும். உச்சிவேளையில் போனால் வட்டம். இலை இடுக்குகளோ கோணல்மாணலானவை. அப்புறம் பொட்டு மட்டும் எப்படி வட்டமாகிறது? ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம் என்பதால்தான். 2019 டிசம்பர் 26 காலை, நிலா சூரியனின் நடுவை மறைத்து விளிம்பை மட்டும் வளையமாக விட்டுவைக்கும் கங்கண கிரகணத்தின்போது, கோவையிலும் திண்டுக்கல்லிலும் மரத்தடிப் பொட்டுகள் வளையங்களாக மாறின. தென் தமிழகத்துக்கு அந்த வாய்ப்பு மறுபடி 2031 மே 21 அன்று வருகிறது.

இடுக்கிலிருந்து தரைவரை உள்ள தூரத்தை 108 ஆல் வகுத்தால் பொட்டின் விட்டம். மூன்று மீட்டர் என்றால் ஏறக்குறைய 2.8 செ.மீ. சூரியன் தன் விட்டத்தைப் போல அத்தனை மடங்கு தொலைவில் இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. இடுக்கு பெரிதாக இருந்தால் பொட்டு வீங்கி இடுக்கின் வடிவத்தையே காட்டும், அதை அளக்காதீர்கள்.

இதற்குச் சரியான விளக்கத்தை வானியலாளர் கெப்ளர் 1604இல் அச்சிட்டார். அவர் செய்துபார்த்த முறைக்கு ஒரு நூல்கண்டு போதும். அலமாரி உச்சியில் ஒரு புத்தகத்தை வையுங்கள், அதுதான் சூரியன். அதற்கும் தரைக்கும் நடுவில், நட்சத்திர வடிவில் ஓட்டை வெட்டிய அட்டையை அசையாமல் கட்டுங்கள். புத்தகத்தின் ஒரு மூலையில் நூலைக் கட்டி, ஓட்டை வழியாக இழுத்து, அதன் விளிம்பை உரசியபடி நகர்த்தித் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். ஒரு நட்சத்திரம் வரும். நூலை அடுத்த மூலைக்கு மாற்றுங்கள், பிறகு ஓரங்களுக்கு. நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கடைசியில் தரையில் புத்தகத்தின் வடிவம் தெரியும். நூல் தொய்ந்தால் எல்லாம் கெடும். ஒளி வளையாது, நூலும் வளையக்கூடாது.

இதே விதிதான் ஹம்பி விரூபாட்சர் கோயிலில் கோபுரத்தைச் சுவரில் தலைகீழாக விழவைக்கிறது. உங்கள் அறையிலும் விழும். காலையில் மேற்குப் பார்த்த ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். எதிர்வீட்டின் மேல் வெயில் அடிக்க வேண்டும். ஜன்னலைக் கறுப்பு அட்டையால் மூடி, நடுவில் ஒரு செ.மீ. ஓட்டை போடுங்கள். எதிரே மூன்று மீட்டரில் வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். பலர் இரண்டாவது நிமிடத்திலேயே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று கதவைத் திறந்துவிடுகிறார்கள். அந்த அவசரம்தான் உங்களுக்கும் நோய். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குப் பிறகும் படம் வெளிறித் தெரிந்தால், அட்டை ஓரங்களில் ஒளி கசிகிறது, டேப் ஒட்டுங்கள். கலங்கித் தெரிந்தால் ஓட்டையைப் பாதியாக்குங்கள், தெளியும், ஆனால் மங்கும். தெருவில் போகும் சைக்கிள் உங்கள் வேட்டியில் தலைகீழாக, வண்ணத்தோடு, எதிர்த்திசையில் ஓடும். ஓட்டை வழியாகச் சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள்.

பிறவிக் குணமா என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? நாளை உச்சிவேளையில் அதே மரத்தடிக்கு ஓர் அளவுகோலோடு போங்கள். பொட்டின் விட்டத்தை எனக்கு எழுதுங்கள். ஒளி எத்தனை உயரத்து இடுக்கிலிருந்து விழுந்தது என்று நான் சொல்கிறேன்.