பதினைந்து வயது மகனிடம் பால்வினை நோய் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: "மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. மகளுக்கு 13. போன வாரம் மகனின் போனில் எதையோ பார்க்கப் போனபோது, 'காண்டம் போட்டாலும் எய்ட்ஸ் வருமா' என்று அவன் தேடியிருந்தது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவன் அப்பாவிடம் சொன்னால், 'வயசு வந்தா தானா தெரிஞ்சுக்குவான், நீ எதையும் கிளறாதே' என்கிறார். பள்ளியில் 'குட் டச், பேட் டச்' வகுப்போடு சரி. நாமே போய்ப் பேசினால் தூண்டிவிட்டது போல ஆகாதா? பேசுவதென்றால் எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது? மகளிடமும் பேச வேண்டுமா?" (ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் உங்கள் தூக்கத்துக்கு வழி செய்கிறேன். மகன் தேடியது தப்பான விஷயமே இல்லை. நோய் வருமா, வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஏதோ விளம்பரத்தைப் பார்த்து வந்த சந்தேகமாக இருக்கலாம், வகுப்பில் எவனாவது அடித்துவிட்ட கதையாக இருக்கலாம். அவன் எதையோ செய்துவிட்டான் என்று அதற்கு அர்த்தமில்லை. வீட்டில் கேட்க முடியாததைப் போனில் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இதே கேள்வியைத் தமிழ்நாடே ஒரு காலத்தில் சத்தமாகக் கேட்டது. 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஒரு கற்பனை ஆளின் பெயரில் ஊர் ஊராக விழிப்புணர்வு விளம்பரப் பலகை வைத்தார்கள், நினைவிருக்கும். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். நம்ம ஊருக்கெல்லாம் வராது என்று பெரியவர்களே சாதித்த காலம் அது. தெருவில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் ஜனங்கள் இரத்தப் பரிசோதனைக்கு வர ஆரம்பித்தார்கள். அப்படிப் பேசிப் பழகிய ஊர் நம்முடையது. வீட்டுக்குள் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறோம் என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

பேசினால் தூண்டிவிட்டது போல ஆகுமா? ஆகாது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முறையான பாலியல் கல்வி கிடைத்த பிள்ளைகள் அதனால் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை, பல இடங்களில் தள்ளிப்போடவே செய்கிறார்கள் என்பதுதான் அதில் தெரிந்தது. 'தொடாதே, நினைக்காதே' என்று மட்டும் சொல்லும் பாடங்கள்தான் பலன் தரவில்லை.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பால்வினை நோய்ப் பிரிவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். சட்டைப் பைக்குள் செய்தித்தாள் சுற்றிய ஒரு லேகிய டப்பா. தூக்கத்தில் விந்து வெளியேறுவதைப் பெரிய வியாதி என்று நினைத்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் 'பரம்பரை வைத்தியர்' ஒருவரிடம் போயிருக்கிறான். இளமைக் காலத் தவறுகளால் நரம்பு தளர்ந்துவிட்டது, கல்யாணத்துக்கு லாயக்கில்லை என்று சொல்லி, அந்த டப்பாவைத் தலையில் கட்டியிருக்கிறார். பாட்டி போட்ட மோதிரத்தை அடகு வைத்து வாங்கியதாம். பரிசோதித்தேன். அவனுக்கு ஒரு நோயும் இல்லை. அந்த வயதில் பையன்களுக்கு இயல்பாக நடப்பதுதான் என்று அப்பாவோ மாமாவோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இன்னொருத்தி கல்லூரி மாணவி. நாலு மாதமாக அடிவயிற்று வலி. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டே ஓட்டியிருக்கிறாள். கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்று. ஆரம்பத்தில் வந்திருந்தால் ஒரு வார மாத்திரையில் தீர்ந்திருக்கும். அவள் வந்தபோது தொற்று கருக்குழாய்வரை ஏறிவிட்டது. ஏன்மா இத்தனை நாள் என்று கேட்டால், "வீட்ல தெரிஞ்சா கொன்னுடுவாங்க டாக்டர்" என்றாள்.

இரண்டு பேர் விஷயத்திலும் கெடுத்தது மறைத்து வைத்ததுதான். அதனால் உங்கள் பேச்சுக்கு ஒரே ஒரு குறிக்கோள் வைத்துக்கொள்ளுங்கள்: என்ன ஆனாலும் பிள்ளை முதலில் உங்களிடம் ஓடி வர வேண்டும். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் இதை வைத்தே தெளிவாகும்.

எப்படி ஆரம்பிப்பது? உட்கார வைத்து, கதவைச் சாத்தி, 'உன்கிட்ட ஒண்ணு பேசணும்' என்று தொடங்காதீர்கள். அவனுக்கு வியர்த்துவிடும், உங்களுக்கும்தான். டியூஷன் முடிந்து வண்டியில் கூட்டிக்கொண்டு வரும்போது பேசுங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை, பத்து நிமிடத்தில் வீடு வந்துவிடும். பட்டாணி உரிக்கும்போது, துணி மடிக்கும்போதுகூடப் பேசலாம். போனைப் பார்த்ததை மறைக்காதீர்கள், விசாரணையும் வேண்டாம். "கண்ணு, உன் போன்ல தேடினது தெரியாம கண்ணுல பட்டுச்சு. கோபம் இல்ல. நல்ல கேள்விதான். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், தெரியாதத டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." இவ்வளவு போதும். அவன் "ஐயோ அம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பிக்கொண்டாலும் காது இங்கேதான் இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். இன்றைக்கு இவ்வளவு, அப்புறம் இன்னொரு நாள்.

உறுப்புகளுக்கு உண்மையான பெயரைச் சொல்லுங்கள். ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, விந்து, மாதவிடாய். முதல் தடவை நாக்கு கூசும், மூன்றாம் தடவை கூசாது. பெயர் தெரியாத இடத்தில் வலித்தால் பிள்ளை எப்படிச் சொல்லும்? ஒரு பெயரை மட்டும் வீட்டைவிட்டு விரட்டுங்கள்: 'பொம்பளைச் சீக்கு'. பால்வினை நோய்களுக்கு நம் ஊரில் அப்படியொரு பெயர் வைத்து, பழியைத் தூக்கிப் பெண்கள் தலையில் போட்டுவிட்டார்கள். கிருமி ஆண், பெண் பார்ப்பதில்லை. இந்தப் பெயரைக் கேட்டு வளரும் பையன், தன்னிடமிருந்தும் நோய் பரவும் என்பதை நம்பவே மாட்டான்.

இனி அவன் கேள்விக்கான பதில். ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். அடியோடு பூஜ்யம் என்று சொல்ல முடியாது. கிழிந்தாலோ, பாதியில் போட்டாலோ, காலாவதி ஆகியிருந்தாலோ பயனில்லை. பர்ஸில் வைத்து மாதக்கணக்கில் உட்கார்ந்தால் சூட்டில் கெட்டுவிடும். தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் பலமிழந்துவிடும், இது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. ஹெர்பிஸ், எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்), சிபிலிஸ் போன்ற பால்வினைத் தொற்றுகள் தோலோடு தோல் பட்டும் பரவுவதால் ஆணுறை மூடாத இடத்திலிருந்து தொற்றலாம். அவற்றில் பாதுகாப்பு சற்றுக் குறைவு. கொசுக்கடி, பொதுக் கழிப்பறை, ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது இவற்றால் எச்.ஐ.வி. வராது. கருத்தடை மாத்திரை எந்தத் தொற்றையும் தடுக்காது.

அடுத்து, எது தீரும், எது தீராது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். பயத்தில் பாதி அதிலேயே போய்விடும். சிபிலிஸ், வெட்டை நோய் எனப்படும் கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனியாசிஸ் நான்கும் மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி., ஹெர்பிஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. நான்கும் வைரஸ்கள், இவற்றை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. கடைசி இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தவறாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. என்றால் மரணம் என்று நாம் படித்த பழைய பாடத்தை அவனும் சுமக்க வேண்டாம்.

ஆளைப் பார்த்தால் நோய் தெரியாது என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். சிபிலிஸில் தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் பிறப்புறுப்பில் ஒரு புண் வரும். வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். 'சரியாப் போச்சு' என்று நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் கிருமி உள்ளேயேதான் இருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பாக வரும், இன்னும் பல வருடம் கழித்து இதயம், மூளை, நரம்பு வரைகூடப் போகும். வலிக்காத புண்ணுக்கும் டாக்டரிடம் போக வேண்டும் என்ற ஒரு வரி அவன் மனதில் தங்கினால், அது பெரிய விஷயம்.

எங்கே போவது? எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. இலவசம், ரகசியம் காப்பார்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பிள்ளை உங்களிடம் வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் உண்டு. எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்புள்ள சம்பவம் ஏதாவது நடந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டுவதை நாலு நாள் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

சம்மதத்துக்கு வருவோம். நோயைப் பற்றிப் பேசத் துணியும் பெற்றோர்கூட இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'மௌனம் சம்மதம்' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பெண் பார்க்க வந்த இடத்தில் தலை குனிந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். சினிமாவில் பின்னாலேயே சுற்றினால் கடைசியில் அவள் சிரிப்பாள். இதையெல்லாம் பார்த்து வளரும் பையனுக்கு, "வேண்டாம்னா வேண்டாம்தான். பதில் சொல்லாம நின்னாலும் வேண்டாம்தான். சரின்னு சொல்லிட்டு நடுவுல மனசு மாறினாலும் வேண்டாம்தான்" என்று யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயந்து போனவர்கள் பல நேரம் கத்துவதில்லை, உறைந்து போய் நிற்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பாடத்துக்கு உடலுறவுப் பேச்சே தேவையில்லை. ஊரிலிருந்து வரும் உறவினர் மகளின் கன்னத்தைக் கிள்ளும்போது அவள் பின்வாங்கினால், "பெரியவங்க ஆசையா கேக்கறாங்கல்ல, கிட்டப் போ" என்று தள்ளாதீர்கள். "அவளுக்குப் பிடிக்கலைங்க, விடுங்க" என்று அவள் எதிரிலேயே சொல்லுங்கள். அண்ணன் தங்கைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும்போது அவள் 'போதும்' என்றால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாலும் கையை எடுக்கச் சொல்லுங்கள். தன் 'வேண்டாம்' வீட்டில் செல்லும் என்று பார்த்த பிள்ளைக்கு வெளியிலும் அதைச் சொல்ல வாய் வரும்.

சட்டத்தையும் நேராகச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவரின் சம்மதம் சம்மதமே ஆகாது. இருவருமே விரும்பியிருந்தாலும், அவன் வயதுப் பையன், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டி வரலாம். காதலிக்கும் சிறுவர் சிறுமியரைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது, ஆனாலும் சட்டம் மாறவில்லை. இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். யாராவது அவனிடமோ அவளிடமோ தப்பாக நடந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். பையன்களுக்கும் அது நடக்கும், போக்சோ அவர்களுக்கும் பொருந்தும்.

போன் படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. 18-க்குக் கீழ் உள்ள யாருடைய நிர்வாணப் படத்தையும் கேட்பது, அனுப்புவது, சேமிப்பது எல்லாமே குற்றம். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பார்த்தது குற்றமில்லை என்று வந்த ஒரு தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பிள்ளையின் படம் ஏற்கெனவே போய்விட்டதென்றால், 'ஏன் அனுப்பினே' என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை மூலம் பல தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்கவும் முடியும்.

உங்கள் கணவரையும் இதற்குள் கொண்டு வாருங்கள். முழுப் பாடமும் எடுக்க வேண்டாம். "எனக்கும் உன் வயசுல இந்தச் சந்தேகமெல்லாம் இருந்துச்சுடா, கேக்க ஆளில்ல" என்று மகனிடம் ஒருமுறை சொன்னால் போதும்.

மகளிடமும் கட்டாயம் பேசுங்கள், மகனிடம் சொன்ன அதே விஷயங்களை. வெள்ளைப்படுதல் இயல்பானதுதான், அரிப்போ நாற்றமோ சேர்ந்து வந்தால் காட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான எச்.பி.வி.க்குத் தடுப்பூசி போட அவளுக்குச் சரியான வயது இது. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் குறைந்த தவணையே போதும். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் என்ற தடுப்பூசி 2023 முதல் கிடைக்கிறது. அரசு வழியாகக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் போகும் நாளில் இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொருவரும் டாக்டரிடம் தனியாகப் பேசப் பத்து நிமிடம் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். வந்ததும் 'என்ன கேட்டே' என்று மட்டும் கேட்காதீர்கள்.