கொரோனாக் காலத்தில் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம் என மருத்துவர்கள் சொன்னது ஏன்?

எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள், இரத்த நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் உருவாவதையோ அதன் வேலையையோ தடுத்து அழுத்தத்தைக் குறைப்பவை. கொரோனா வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய வாசலாகக் கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதத்தை இவை பெருக்கக்கூடும் என்று சில விலங்கு ஆய்வுகள் காட்டியிருந்ததால், 2020 மார்ச்சில் பரவலான அச்சம் எழுந்தது. மனிதர்களிடம் இம்மாத்திரைகளால் நோய் கடுமையாகிறது என்பதற்குச் சான்று இல்லாததால், ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் அதே மாதத்தில் மாத்திரையைத் தொடரவே அறிவுறுத்தின.

தாமாக நிறுத்துவோருக்கு அழுத்தம் ஏறிப் பக்கவாதம் வரலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு மூச்சுத்திணறல் கூடலாம். திருடன் நுழைவான் என்று அஞ்சி வாசற்காலைப் பெயர்த்தெடுத்தால், திருடன் வருமுன்பே சுவர் சரிந்துவிடும் அல்லவா?

பின்னர் பிரேசிலில், இம்மாத்திரைகளை உட்கொண்டுவந்து, லேசான அல்லது மிதமான கொரோனாவுடன் மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரில் ஒரு பாதியினருக்கு மாத்திரையைத் தொடர்ந்தும் மறு பாதியினருக்கு 30 நாள் நிறுத்தியும் பார்த்தனர். நிறுத்தியதால் பயன் ஏதும் தெரியவில்லை என்று 2021 ஜனவரியில் முடிவு வெளியானது. என் பார்வையில் ஐயத்தைத் தீர்த்தது இதுதான். தீவிரத் தொற்றில் அழுத்தம் மிகத் தாழ்ந்தால் மருத்துவரே தற்காலிகமாக நிறுத்துவது வேறு விஷயம்.

எல்லாப் பிரஷர் மாத்திரைகளும் அன்று சந்தேகத்துக்கு உள்ளாயின என்று பலர் நினைக்கின்றனர்; ஆனால் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் இந்த வகையைச் சேர்ந்ததே அல்ல.